மூன்றாவது கையெழுத்து

தத்துவத் துறையைக் காப்பாற்றுவதற்காக மாடியில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கீழே, காலியான வகுப்பறை ஒன்றில், அதே துறை இன்னும் ஒரு மணி நேரத்தில் தானாகவே சாகப்போகிறது என்று காசில்தா ஒரெயானோ கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். மறுநாள் காலை பல்கலைக்கழக மன்றம் கூடுகிறது. தத்துவப் பட்டப்படிப்பில் இனிமேல் புது மாணவர்களைச் சேர்க்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் வருகிறது. அதன் முதல் காரணமே, மூன்று வருஷமாக அங்கே ஒருவர்கூடப் பட்டம் வாங்கவில்லை என்பதுதான். அங்கே படித்துக்கொண்டே உள்ளூர் வானொலியில் சாயங்காலச் செய்தி வாசிக்கும் சுல்மா தன் கடைசிப் பரீட்சையை இன்றைக்கு எழுதி, இல்லை, வாயால் சொல்லி முடித்தால், ஒரு பட்டதாரி கிடைத்துவிடுவாள். முதல் காரணம் பொய்யாகிவிடும். ஆனால் பரீட்சை நடத்த மூன்று ஆசிரியர்கள் உட்கார வேண்டும், மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். மத்தியானத் தூக்கத்துக்குப் பூட்டினால் அலுவலகம் இன்றைக்கு மறுபடி திறக்காது; அதற்குள் தாள் போய்ச் சேராவிட்டால் அடுத்த தேதி டிசம்பரில்தான்.

இருந்தது இரண்டு பேர். அறவியல் நடத்தும் காசில்தா, தர்க்கம் நடத்தும் கிழவர் பெனிக்னோ. மூன்றாவது ஆளான ரெமிஹியோ மாடிக் கூட்டத்தில் இருந்தான்; அங்கே மற்றவர்கள் மாணவர்களும் தற்காலிக ஆசிரியர்களும்தான்.

காசில்தா மூச்சு வாங்கப் படியேறிப் போனாள். உள்ளே ஒரே புகை, ஒரே புழுக்கம், கைமாறிக்கொண்டே இருக்கும் மாத்தே என்ற கசப்புத் தேநீர்க் குடுவை. கண்டன அறிக்கையை மன்றத்துக்கு எழுதுவதா, நாட்டு மக்களுக்கே எழுதுவதா என்று காலையில் ஆரம்பித்த விவாதம் இன்னும் முடிந்தபாடில்லை. பேசுகிறவர்களின் வரிசையில் ரெமிஹியோவுக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். அவள் தோளைத் தொட்டு விஷயத்தைச் சொன்னதும் அவன் முகத்தைச் சுளித்தான்.

"இப்ப எழுந்து வந்தா என் முறை போயிடும் காசில்தா. மறுபடி கடைசியில போய்தான் நிக்கணும்."

"நீ பேசி முடிக்கும்போது காப்பாத்த ஒண்ணும் மிச்சமிருக்காதுப்பா."

"இது கொள்கைப் பிரச்சினை" என்றான் அவன், குரலைத் தாழ்த்தி, ஏதோ ரகசியம் சொல்வதுபோல.

எங்கள் தத்துவக்காரர்களுக்கு இது பிறவிக் கோளாறு. வீடு தீப்பிடித்தால்கூட, தீ என்றால் என்ன என்று முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் வாளியைத் தேடுவார்கள். அங்கே நின்று சண்டை போட்டால் அவளையும் பேச்சாளர் வரிசையில் சேர்த்துவிடுவார்கள் என்று காசில்தாவுக்குத் தெரியும். உடனே இறங்கிவிட்டாள்.

பல்கலைக்கழகத்தின் நிரந்தரப் பேராசிரியர் யார் வேண்டுமானாலும் மூன்றாவது ஆளாக உட்காரலாம், துறை எதுவானாலும் பரவாயில்லை என்று விதி இருக்கிறது. ஆனால் அந்த வெயிலில், அந்த நேரத்தில், ஊரில் யார் விழித்திருப்பார்கள்? காசில்தா முற்றத்தைக் கடந்து வேளாண்மைக் கட்டடத்துக்குப் போனாள். கதவுகளெல்லாம் பூட்டு. கடைசி அறையில் மட்டும் ஒருவர் மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் அவளுக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. எவாரிஸ்தோ லெதெஸ்மா. நாளைய தீர்மானத்தை எழுதியவரே அவர்தான்.

வேளாண்மைக்காரர்களை எங்கள் பக்கம் இஞ்சினியர் என்றுதான் கூப்பிடுவோம். காசில்தாவும் அப்படியே கூப்பிட்டு, மூன்றாவது ஆள் வேண்டும் என்பதைச் சொன்னாள். கூடவே மறைக்காமல் மீதியையும் சொன்னாள்: "அந்தப் பொண்ணு பாஸானா உங்க தீர்மானத்தோட முதல் காரணம் செத்துடும். தெரிஞ்சுதான் கேக்கறேன்."

லெதெஸ்மா சல்லடையைக் கீழே வைத்தார். "என் கழுத்துக்கு நானே கயிறு திரிக்கணுங்கறீங்க."

"ஆமா."

அவர் குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். "ஆள் வரலைன்னு ஒரு பரீட்சை நின்னதா என் காலத்துல கிடையாது. படிச்சுட்டு வந்து உக்காந்திருக்கற பொண்ணைத் திருப்பி அனுப்பறதா? வாங்க. ஆனா நான் கேள்வி கேப்பேன். பொம்மை மாதிரி உக்கார மாட்டேன்."

வகுப்பறையில் சுல்மா எழுந்து நின்றாள். முப்பத்தைந்து வயது, செய்தி வாசிக்கிற கணீர்க் குரல், நாக்கு கொஞ்சம் நீளம். மூன்றாவது நாற்காலியில் யார் உட்காருகிறார் என்று பார்த்ததும் அவளுக்கு முகம் வெளுத்தது. எந்தப் பாடம் என்று குலுக்கி எடுக்க வைத்திருந்த மரக்கூண்டைப் பெனிக்னோ சுழற்றினார். எண் போட்ட குண்டுகள் உள்ளே உருண்டன. சுல்மா ஒன்றை எடுத்தாள். எல்லோருக்கும் போதாத ஒன்றை எப்படிப் பங்கிடுவது நியாயம் என்ற பாடம் வந்து விழுந்தது.

நன்றாகவே பேசினாள். தேவைக்கேற்பக் கொடு என்பவர்கள் ஒரு பக்கம், உழைப்புக்கேற்பக் கொடு என்பவர்கள் ஒரு பக்கம், சீட்டுக் குலுக்கிப் போடு என்பவர்கள் இன்னொரு பக்கம் என்று ஒவ்வொருவரையும் அவர்கள் கட்சி வக்கீல் மாதிரியே எடுத்து வைத்தாள். காசில்தாவுக்கு மூச்சு சீரானது. இத்தோடு விட்டிருந்தால் பத்துக்கு எட்டோ ஒன்பதோ போட்டுக் கையெழுத்து வாங்கியிருக்கலாம். லெதெஸ்மா தொண்டையைச் செருமினார்.

"போன கோடையில வாய்க்கால் தண்ணி பத்தல. எந்த வயல்ல ஒரு லிட்டருக்கு அதிக விளைச்சல் வருதோ அதுக்கு முதல்ல விடணும்னு அறிக்கை வந்துச்சு. கணக்குல தப்பு இல்ல. இதுல உங்க தத்துவம் சொல்றதுக்கு என்ன இருக்கு?"

அந்த அறிக்கை அவர் எழுதியது. சுல்மா அதை வானொலியில் வாசித்தவள். எலுமிச்சைத் தோட்டங்களுக்குப் பகலெல்லாம் தண்ணீர், சின்னக் காணிகளுக்கு மிச்சம் மீதி. காசில்தா மேசைக்கு அடியில் காலால் அவளைத் தொட முயன்றாள். எட்டவில்லை.

"கணக்கு சரிதான் இஞ்சினியர்" என்றாள் சுல்மா. "எங்க எவ்வளவு விளையும்னு கணக்கு சொல்லும். யார் காய்ஞ்சு போலாம்னு அது சொல்லாது. அதைத் தேர்ந்தெடுத்தது நீங்க. சரியாக்கூடத் தேர்ந்தெடுத்திருக்கலாம். ஆனா அறிக்கையில, மண்ணே தேர்ந்தெடுத்த மாதிரி எழுதியிருக்கீங்க."

பெனிக்னோ இருமினார். லெதெஸ்மாவின் கழுத்து சிவந்து, சிவப்பு மெல்லக் காதுவரை ஏறியது.

"சரி. நீங்களா இருந்தா யாருக்கு விட்டிருப்பீங்க?"

சுல்மா "தெரியல" என்றாள். "ராத்திரி பூரா யோசிச்சாலும் தெரியாது. ஆனா முடிவு எடுத்தா, நான் எடுத்தேன்னு சொல்லியிருப்பேன்."

அவளை வெளியே அனுப்பிவிட்டு மூவரும் மதிப்பெண் பேச உட்கார்ந்தார்கள். கெஞ்சலாமா என்று காசில்தாவுக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்காகவே தன்மேல் கோபமும் வந்தது. பத்து என்றாள். இறங்க மாட்டேன் என்றும் சொன்னாள்.

"கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியலைன்னு சொல்லிச்சு" என்றார் லெதெஸ்மா. "எங்க துறையில அதுக்குப் பேரு ஃபெயில். உங்களுக்காவது தெரியுமா?"

இந்தக் கேள்விக்கு அவளிடம் பளபளப்பான பதில்கள் நிறைய இருந்தன. மானியம் கேட்டு எழுதும் விண்ணப்பங்களில் அவற்றைத்தான் எழுதுவாள்: சிந்திக்கும் குடிமக்கள், நிறுவனங்களுக்கு வேண்டிய திறன்கள், இன்ன பிற. ஒவ்வொரு தடவை எழுதும்போதும் வாய் கசக்கும். இன்றைக்கு அவற்றைச் சொல்ல மாட்டேன் என்று முடிவு செய்தாள்.

"எனக்கும் தெரியாது. இத்தனை வருஷமா இதைத்தான் நடத்தறேன்."

"அப்ப என்னத்தைச் சொல்லித் தர்றீங்க?"

"இப்ப அந்தப் பொண்ணு உங்களுக்குச் செஞ்சதை."

அவர் தாளை இழுத்துத் தன் பங்குக்கு எட்டு என்று எழுதினார், அதிலிருந்து இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடினார். அலுவலகம் பூட்டுவதற்கு முன் பெனிக்னோ தாளை எடுத்துக்கொண்டு, அந்த வயதிலும், ஓடினார். வாசலில் சுல்மாவின் தங்கைகள் முட்டையும் மாவும் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பட்டம் வாங்கியவளை எங்கள் ஊரில் வேறெப்படி வரவேற்பது. அவள் தலையில் முட்டை உடையும் சத்தமும் சிரிப்பும் ஜன்னல் வழியே கேட்டன.

"நாளைக்கு நான் மூடணும்னுதான் ஓட்டுப் போடுவேன்" என்றார் லெதெஸ்மா, எழுந்துகொண்டே.

"போடுங்க இஞ்சினியர். ஆனா நீங்க முடிவு பண்ணதா சொல்லிப் போடுங்க. எண்ணிக்கை சொல்லுச்சுன்னு சொல்லாதீங்க."

மறுநாள் மன்றத்தில் முதல் ஆளாக லெதெஸ்மா எழுந்தார். முதல் காரணம் நேற்றோடு பொய்யாகிவிட்டது, நானே பரீட்சையில் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லி அதை அடித்துவிட்டார். மீதிக் காரணங்களையும் அவரே அடித்தார்: வருகை விகிதம், செலவு விகிதம், எல்லாம் வெறும் எண்ணிக்கை, எண்ணிக்கை யாரையும் மூடச் சொல்லவில்லை, மூட விரும்புவது நாம்தான் என்றார். ஆகவே கை தூக்கி எண்ணுவது வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், மூட வேண்டும் என்கிறவர் எழுந்து தன் காரணத்தைத் தன் வாயால் சொல்லட்டும் என்று கேட்டார். விதியில் அதற்கு இடம் இருந்ததால் தலைவரால் மறுக்க முடியவில்லை.

பெயர்கள் கூப்பிடப்பட்டன. முந்தின நாள்வரை மூடத் தயாராக இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காகிதத்தைப் புரட்டினார்கள். காகிதத்தில் இப்போது ஒன்றும் இல்லை. ஒருவர் வாக்களிக்கவில்லை என்றார். இன்னொருவர் மேலும் ஆய்வு தேவை என்றார். பொருளாதாரத்துறைக்காரர் தண்ணீர் குடிக்கப் போனவர் திரும்பி வரவே இல்லை.

லெதெஸ்மா பெயர் வந்தது. அவர் எழுந்து நின்றார். "மூடணும். என் மண் பரிசோதனைக்கு ஆள் இல்ல. இந்த மாகாணத்துல நிலம் உப்பாகிட்டு வருது. பல்கலைக்கழகத்துக்கிட்ட இருக்கறது ஒரே ஒரு பணியிடம்னா அது அங்கதான் போகணும்னு நான் நினைக்கிறேன். நான். வேற யாரும் இல்ல."

மூடச் சொன்னது அவர் ஒருவர்தான். தீர்மானம் தோற்றது. பின்வரிசையில் ரெமிஹியோவும் கூட்டாளிகளும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சுல்மா கை தட்டினாள். நேற்றைய மாவு அவள் காதோரம் இன்னும் ஒட்டியிருந்தது.

காசில்தாவுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அவள் எழுந்து போய் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. அந்த அறையில் உண்மையான காரணம் ஒன்றைச் சொன்ன ஒரே மனிதர் தனியாக உட்கார்ந்து தன் காகிதங்களை மடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஓட்டில் தோற்றது பதிலாகிவிடாது. தலைவர் கூட்டத்தை முடிக்க வாயெடுத்தபோது, ஜெயித்தவளான காசில்தா கையைத் தூக்கிப் பேச நேரம் கேட்டாள்.