பதினொன்றாவது பேச்சாளருக்குப் பிறகு

தலைவர் மைக்கைப் பிடித்தபோது மணி நாலே முக்கால். "ரெண்டே வார்த்தை" என்றுதான் தொடங்கினார். ஐந்து மணி அடித்தும் முதல் வார்த்தையே முடியவில்லை. அவர் பதினொன்றாவது பேச்சாளர்.

மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால், முகத்தில் பவுடரும் உள்ளங்கையில் வியர்வையுமாக நின்றிருந்தாள் கவுண்டர்க்காரி. படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவள். கடல் சூழ்ந்த அந்த ஊருக்கே அவளை அந்தப் பெயரில்தான் தெரியும். அவள் எழுதிய முதல் நாடகம் இன்று மேடையேற வேண்டும். அப்பா விட்டுப்போன வீட்டை அண்ணனும் தங்கையும் பிரித்துக்கொள்கிற கதை, முப்பத்தைந்து நிமிடம். தங்கை அவள், அண்ணன் வெல்டர். வெல்டர் நாளைக் காலை கப்பல் வேலைக்குக் கிளம்புகிறான். திரும்பி வர இரண்டு வருடம். மண்டபமோ ஆறு மணிக்கு மேல் பேட்மிண்டன்காரர்களுடையது. இன்றைக்கு நடந்தால் உண்டு. இல்லாவிட்டால் நான்கு மாத ஒத்திகையும் கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

"அக்கா, மைக் ஒயரைப் பிடுங்கிடட்டா? அஞ்சு செகண்ட் வேலை" என்றான் வெல்டர்.

"சும்மா இருடா. அப்புறம் ஒயரைப் பத்தி ஒருத்தர் பேசுவாரு."

விழா நடத்துகிற கலை பண்பாட்டுக் கழகத்தில் உறுப்பினர்கள் நாற்பத்து மூன்று பேர், பதவிகள் நாற்பத்தொன்று. இணைத் துணைத் தலைவர், துணை இணைச் செயலாளர் என்று ஆளுக்கொன்று. பதவியில்லாத இரண்டு பேர் இப்போது திரைக்குப் பின்னால் நிற்கிறார்கள். அழைப்பிதழில் அத்தனை பெயரும் கொட்டை எழுத்தில் வந்திருக்க, அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல் 'இறுதியாக நாடகம்'. ஏன் என்று அவள் கேட்டபோது, "கடைசியில வச்சாத்தாம்மா சனம் எழுந்து போகாது" என்றிருந்தார் தலைவர்.

ஐந்து இருபதுக்கு நினைவுப் பரிசு வழங்கல். முதலாமவர் இரண்டாமவருக்குக் கொடுத்தார், இரண்டாமவர் முதலாமவருக்குக் கொடுத்தார். கவுண்டர்க்காரி கடிகாரத்தைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். கால் ஓரிடத்தில் நிற்க மறுத்தது.

ஐந்தே முக்காலுக்குச் செயலாளர் மைக்கில் கூவினார்: "சிறப்பு விருந்தினர் படகைப் பிடிக்கணும். வெளிச்சம் இருக்கும்போதே கடல் பக்கம் ஒரு குரூப் போட்டோ. நிர்வாகிகள் எல்லாரும் வாங்க!"

நிர்வாகிகள் எல்லாரும் எழுந்தார்கள். மண்டபமே எழுந்தது. பொறுக்கியெடுத்துப் பதவி கொடுக்காமல் பந்தியில் இலை போடுவதுபோல் கொடுத்தால் இப்படித்தான்.

கவுண்டர்க்காரி ஓடிப்போய்த் தலைவரை வழிமறித்தாள். "சார், நாடகம்!"

"ஆரம்பிங்கம்மா. இதோ வந்துடறோம்."

"யாருக்கு சார் ஆரம்பிக்கிறது?"

தலைவர் திரும்பிப் பார்த்தார். காலி நாற்காலிகள் அவரைத் திரும்பிப் பார்த்தன. "கலைஞன் கூட்டத்தை எதிர்பார்க்கக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டு, போட்டோவில் நடு இடம் பறிபோய்விடுமோ என்ற பயத்தில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

அவர்கள் போன வழியாகவே ஆறு பேர் தோளில் மட்டைப் பையோடு வந்தார்கள். வந்த வேகத்தில் நாற்காலிகளை மடக்கி, கம்பத்தை நட்டு, வலையைக் கட்டிவிட்டார்கள். முன்னால் நின்றவர் பல் டாக்டர்.

"டாக்டர், முப்பத்தஞ்சு நிமிஷம் கொடுங்க."

"ஆறு மணிக்கு கோர்ட் எங்களுது. வாரத்துக்கு ஒரு நாள்தாம்மா கிடைக்குது."

"போன மாசம் என் பல்லைப் பிடுங்கும்போது ரெண்டு நிமிஷம்னீங்க. முக்கால் மணி நேரம் வாயைப் பிளந்துட்டு உக்காந்திருந்தேன். ஏன்னு ஒரு வார்த்தை கேட்டனா?"

"வாயைப் பிளந்துட்டு எப்படிக் கேப்பே?" என்றார் பின்னாலிருந்த ஒருவர். ஐந்து பேர் சிரித்தார்கள். டாக்டருக்கும் உதட்டோரம் ஆடியது.

"சரி. ஆனா நெட்டை அவுக்க மாட்டோம்."

மேடையில் பதினொரு சோபா. நகர்த்த ஆளும் இல்லை, நேரமும் இல்லை. வீட்டை நடுவில் பிரிக்க வெல்டர் ஒட்டுப்பலகையில் செய்து செங்கல் வரைந்து வைத்திருந்த சுவர் திரைக்குப் பின்னாலேயே கிடந்தது. இருவரும் தரையில் இறங்கி, வலைக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவனுமாக நின்றார்கள்.

முதல் இரண்டு வசனம் அவளுக்குத் தடுக்கியது. பிறகு வெல்டர் வலையை இறுகப் பிடித்துக்கொண்டு, "இது எங்கப்பா வீடு" என்று கத்தினான். செங்கல் சுவரில் முகம் தெரிந்திருக்காது. வலையில் தெரிந்தது. ஒத்திகையில் ஒருநாளும் வராத ஆத்திரம் அவளுக்கு வந்தது. "எனக்கு மட்டும் பக்கத்து வீட்டுக்காரரா?" என்றாள். பையின் மேல் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் 'அப்படிப் போடு' என்று முனகினார்.

விருந்தினரைப் படகு ஏற்றிவிட்டுத் தலைவர் திரும்பி வந்தபோது நாடகம் பாதியைத் தாண்டியிருந்தது. நன்றியுரை பாக்கி. மைக்கை நோக்கி நடுவே நடந்தார்.

"சார்!" என்றார் டாக்டர், தலையைத் திருப்பாமலே. "கோர்ட்டுக்குள்ள செருப்போட வராதீங்க."

எந்த மண்டபத்திலும் கைதட்டலோடு மட்டுமே நுழைந்து பழகியவர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மூலையில் நின்றார். நாற்காலி எல்லாம் மடக்கியாகிவிட்டது. யாரும் அவருக்காக ஒன்றை விரிக்கவில்லை.

கடைசியில் தங்கை தன் பங்கையும் அண்ணனுக்கே விட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். நாடகம் முடிந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. கவுண்டர்க்காரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிடிக்கவில்லையா, முடிந்ததே தெரியவில்லையா?

"அதெப்படி அந்தப் பொண்ணு கையெழுத்துப் போடலாம்? பைத்தியமா?" என்றார் முனகியவர்.

"அண்ணன்காரன் அழுதான்ல?"

"எங்கண்ணனும்தான் அழுதான். அழுதுகிட்டே மாடியை எழுதி வாங்கிட்டான்."

"நீ எதுக்கு உன் கதையை இழுக்கிறே?"

"ஏம்ப்பா, விளையாட வந்தீங்களா, பஞ்சாயத்து பண்ண வந்தீங்களா?" என்று அதட்டிய டாக்டர், மட்டையை எடுத்தார், உறையிலிருந்து பாதி உருவினார், மறுபடி கீழே வைத்தார். "ஆனா அவ போட்டது தப்புத்தான்."

"எது தப்பு?" என்றாள் கவுண்டர்க்காரி. பவுடர் வழிகிற முகத்தோடு வலையைத் தூக்கி, குனிந்து அவர்கள் பக்கம் வந்தாள். "அவ இடத்துல நீங்க இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? சொல்லுங்க, கேக்கறேன்."