வாங்க வந்த ஜோடி

போட்டிக் கடைக்கு வேவு பார்க்கப் போவதென்றால் நிஜமான புருஷன் பெண்டாட்டிதான் போக வேண்டும் என்பது எங்கள் மேனேஜர் போட்ட சட்டம். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் டார்கெட். அவர் வாயில் அதிகம் புழங்கும் வார்த்தை அதுதான்.

“ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேரை ஜோடி சேர்த்து அனுப்பினா உடனே மாட்டிக்குவாங்க. ஒருத்தருக்கொருத்தர் ரொம்ப மரியாதையா பேசிக்குவாங்க. அங்கதான் சந்தேகமே வருது,” என்பார்.

நான் விற்பது ஐரோப்பியக் கார். தாழ்ந்த கூரை, அகலமான டயர், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும் ரகம். எங்களுக்குப் போட்டி ஒரு ஜப்பான் கார். அதுவும் இப்போது அதேபோலத் தாழ்ந்து, அதேபோல உறுமுகிறது. விலைப் பட்டியலின் முதல் வரியை மட்டும் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அந்த முதல் வரி விலைக்கு எங்கள் காரில் பின்பக்கக் கேமராகூட வராது. கேமராவுக்குத் தனி. சீட்டின் உயரத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் பட்டனுக்குத் தனி. வெள்ளை தவிர வேறு நிறம் கேட்டால் அதற்கும் தனி. எல்லாவற்றையும் கூட்டினால் அந்தப் பணத்தில் இன்னொரு சின்னக் கார் வந்துவிடும். ஜப்பான்காரர்கள் அத்தனையையும் முதல் விலையிலேயே சேர்த்துத் தருகிறார்கள்.

குறைவாகக் கொடுப்பதற்கு ஏன் அதிக விலை என்று விளக்குவதுதான் பல வருடங்களாக என் வேலை. “ஸ்டீயரிங்கைப் பிடிச்சுப் பாருங்க சார், ரோடு கையில தெரியும்” என்பேன். பொய்யில்லை, நிஜமாகவே தெரியும். சொல்லிச் சொல்லி எனக்குத்தான் அலுத்துவிட்டது.

புது மாடல் வரும்போதெல்லாம் நானும் என் கணவரும் போட்டிக் கடைக்கு வாங்குவதுபோலப் போய் வருவோம். என்ன விலை, என்ன தள்ளுபடி, என்னென்ன வசதி என்று நான் பார்த்து வந்து எழுதிக் கொடுப்பேன். இந்தத் தடவை ஒரு சிக்கல். மூன்று மாதமாக அவர் வீட்டில் இல்லை. அவருடைய அண்ணன் வீட்டு மாடி அறையில் இருக்கிறார்.

பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, “கொஞ்ச நாள் தனியா இருந்து பார்க்கறேன்” என்றார். “சரி” என்றேன். அவர் சட்டைகளை நானே மடித்துப் பெட்டியில் வைத்தேன். தடுத்திருந்தால் நின்றிருப்பாரோ, அல்லது தடுப்பதற்கு எனக்கே தெம்பில்லையோ, இரண்டில் எது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

ஆபீசில் யாருக்கும் சொல்லவில்லை. ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகளுக்கும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அவள் லீவுக்கு வருகிறாள். அதற்குள் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். அவர் வீட்டுக்குத் திரும்பி வரப்போகிறாரா, இல்லை மகளை உட்காரவைத்து விஷயத்தைச் சொல்ல வேண்டுமா? போனில் கேட்கலாம் என்று பலமுறை எடுத்தேன். கேஸ் சிலிண்டர் தீர்ந்ததையும், பக்கத்து வீட்டில் பெயின்ட் அடிப்பதையும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

ஆகவே டார்கெட் போகச் சொன்னபோது நான் மறுக்கவில்லை. நேரில் கேட்க ஒரு சாக்குக் கிடைத்தது. அவரும் கூப்பிட்டவுடன் ஒப்புக்கொண்டார்.

“நடிக்கக் கூப்பிட்டா ஓடி வர்றாரு பாரு,” என்றாள் அக்கா. விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். “உன் வீட்டுக்காரரும் நீ விக்கற கார் மாதிரிதான்டி. எல்லாத்துக்கும் தனிக் காசு.”

அக்காவின் கணவர் எல்லா வசதியும் உள்ள மனிதர். காய்கறி வாங்குவார், பல்பு மாற்றுவார், பேசிக்கொண்டே இருப்பார். அந்தக் கடைசி வசதியை அணைக்க சுவிட்ச் இல்லை என்பது மட்டும்தான் அவள் புகார். நான் சிரித்தேன்.

போட்டிக் கடைக்கு ஒரு தெரு முன்னால் என் கணவர் தன் அண்ணனுடைய காரோடு காத்திருந்தார். “இளைச்சுட்ட,” என்றார். “இல்லையே,” என்றேன். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் கண்ணாடிக் கதவைத் தள்ளும்போது அவர் கை என் முழங்கையைத் தொட்டது. உள்ளே போனதும் ஆளே மாறிவிட்டார்.

“வாங்க சார், வாங்க மேடம்.” டை கட்டிய, தலை வழுக்கையான விற்பனையாளர் எழுந்து வந்தார். “வண்டி யாருக்குப் பார்க்கறீங்க?”

“ஆசை எனக்கு. முடிவு இவ கையில.”

“எல்லா வீட்லயும் அப்படித்தான் சார்.”

“உங்க வீட்லயுமா?”

“எங்க வீட்ல ஆசைப்படறதுக்கே பர்மிஷன் வாங்கணும் சார்.”

நான் என் வேலையை ஆரம்பித்தேன். “அந்த ஐரோப்பியக் காரையும் பார்த்துட்டு வந்தோம்.”

“நல்ல வண்டி மேடம், நான் குறை சொல்ல மாட்டேன்,” என்றார். நானும் இப்படித்தான் தொடங்குவேன். “ஆனா அங்க மூச்சு விட்டாலும் தனி பில். இங்க கேமரா, சன்ரூஃப், முன்னாடி போற வண்டியைப் பார்த்துத் தானா வேகம் குறையறது, எல்லாமே உள்ள அடக்கம்.”

“வளைவுல அது ரோட்டைப் பிடிக்கிற மாதிரி இது பிடிக்குமா? எத்தனை ஆர்பிஎம்ல முழு இழுவை வரும்?”

“இவளுக்கு அந்த வண்டி மேல ஒரு இது,” என்றார் என் கணவர். “தூக்கத்துலகூட அதைத்தான் பேசுவா.”

“நான் தூக்கத்துல பேசறேனா?”

“நீ பேசாத நேரத்தைச் சொல்லு, குறிச்சு வச்சுக்கறேன்.”

விற்பனையாளர் சிரித்தார். நானும் சிரித்தேன். யாருக்காகவும் சிரிக்கவில்லை, தானாக வந்தது.

பிறகு என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார்கள். என் கணவர் திறந்த கதவருகே குனிந்து நின்றார். “இவளுக்கு முதுகு வலி உண்டு. நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை. இடுப்புக்கு மேல சரியா தாங்கணும். வேற எது இல்லாட்டியும் பரவாயில்ல,” என்றார். பட்டனை அவரே அழுத்தினார். சீட் மெல்ல என் முதுகுக்குள் புடைத்து வந்தது. “இப்ப? இன்னும் கொஞ்சம்?”

“போதும்,” என்றேன்.

வலி இருப்பது உண்மை. அதை அவர் கவனித்திருக்கிறார். வீட்டில் ஒரு வார்த்தை கேட்காதவர், யாரோ ஒருவர் முன்னால் இத்தனை வருடத்தையும் சேர்த்துக் கேட்டுவிட்டதுபோல் இருந்தது. சீட் எத்தனை பக்கம் அசைகிறது, என்ன தோல், எத்தனை தையல் என்றெல்லாம் நான் பார்த்திருக்க வேண்டும். எதையும் பார்க்கவில்லை. எதற்காக வந்தேன் என்பதே மறந்துவிட்டது.

“பின் சீட்ல நம்ம பொண்ணு காலை நீட்ட முடியுமாங்க?” என்று கேட்டேன். “போன வருஷத்தைவிட உயரமாயிட்டா.”

“வெள்ளிக்கிழமை வர்றா இல்ல? கூட்டிட்டு வந்து உட்கார வச்சே பார்த்துடுவோம்,” என்றார்.

வெள்ளிக்கிழமை என்று அவர் வாயால் வந்துவிட்டது. நான் முகத்தைத் திருப்பி, தேவையில்லாமல் சீட்டுகளுக்கு நடுவிலிருந்த பெட்டியைத் திறந்து மூடினேன்.

டெஸ்ட் டிரைவில் அவர் ஓட்டினார். நான் பக்கத்தில், விற்பனையாளர் பின்னால். ஊருக்கு வெளியே அகலமான சாலை வந்ததும் அவர் மிதித்தார். என்ஜின் உறுமியது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

“சத்தம் எப்படி சார்? கொஞ்சம் ஸ்பீக்கர் வழியாவும் வரும். வேணாம்னா அணைச்சுக்கலாம்.”

எங்கள் காரிலும் அப்படித்தான். நாங்கள் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

“அணைங்க, பார்ப்போம்,” என்றார் அவர். அணைத்ததும் உறுமல் ஒல்லியாகி, தூரத்தில் ஓடும் தையல் மெஷின் மாதிரி ஆகிவிட்டது. கொஞ்ச தூரம் அப்படியே ஓட்டினார். “வேணாம், போட்டுடுங்க. அதுவே நல்லா இருக்கு.”

திரும்பி வந்ததும் அவர் கை கழுவப் போனார். விற்பனையாளர் எதிரே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார். “மேடம் அந்த ஐரோப்பியக் கார் ஷோரூம்தானே?”

எனக்குக் காது சுட்டது.

“வாங்க வர்றவங்க யாரும் முழு இழுவை எப்ப வரும்னு கேட்க மாட்டாங்க மேடம். பெட்ரோல் எவ்வளவு குடிக்கும்னுதான் கேட்பாங்க. கோவிச்சுக்காதீங்க. போன மாசம் நானும் என் வீட்டுக்காரியும் உங்க கடைக்கு வந்து காபி குடிச்சுட்டுத்தான் போனோம்.”

“எனக்கு ஞாபகமே இல்ல.”

“அப்போ நாங்க நல்லா செஞ்சிருக்கோம்.” சிரித்தார். “ஆனா ஒண்ணு மேடம். சில பேர் ஆள் பிடிச்சு ஜோடி கட்டி அனுப்புவாங்க. நீங்க அப்படி இல்ல. சார் உங்களைப் பார்த்துக்கறதைப் பார்த்தாலே தெரியுது.”

நன்றி என்று சொன்னேன் என்று நினைக்கிறேன்.

திரும்பும் வழியில் அவர் உற்சாகமாக இருந்தார். கையால் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டார். இப்போது கேட்கவில்லையென்றால் எப்போதும் கேட்க மாட்டேன் என்று தோன்றியது.

“வெள்ளிக்கிழமை வர்றீங்களா?”

“அதைத்தான் நானும் நினைச்சேன்,” என்றார். நான் அவர் பக்கம் திரும்பினேன். “வந்து தங்கறேன். அவ லீவு முடியற வரைக்கும். அவ கிளம்பினதும் நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடறேன். இன்னிக்குப் பாரு, அந்த ஆளுக்குத் துளி சந்தேகம் வரல. இப்படியே இருந்தா போதும். அவ படிப்பு முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்.”

நல்லதை நினைத்துத்தான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. வாசலில் அவர் செருப்பு கிடக்கும். மகள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து டிவி பார்ப்பாள். இரவில் பக்கத்தில் ஒருவர் மூச்சு விடும் சத்தம் கேட்கும். வேண்டாம் என்று சொல்ல முடியாத அளவுக்கு அது வேண்டியிருந்தது. இன்னும் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு சரி என்று சொல்லிவிடலாம் என்றுதான் கேட்டேன்.

“அந்த முதுகு வலி விஷயம்…”

“அது நீ சொல்லிக் கொடுத்ததுதானே? போன தடவை வந்தப்போ. சீட்டைத் துருவிக் கேட்கணும்னா முதுகு வலின்னு ஆரம்பிங்க, அப்பதான் எல்லா பட்டனையும் காட்டுவான்னு சொன்னியே. நான் மறக்கல பார்த்தியா?”

ஆமாம். நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

“நீயும் பின் சீட்டைப் பத்திக் கேட்ட பாரு, அசத்திட்ட,” என்றார். அவர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “ஏன், உனக்கு நிஜமாவே வலிக்குதா?”

“ரெண்டு வருஷமா.”

“சொல்லவே இல்லையே.”

அதுவும் உண்மைதான். அவர் கேட்டதில்லை, நான் சொன்னதில்லை. இரண்டு பேருமே அந்த வீட்டில் நிறைய விஷயங்களை அணைத்து வைத்திருந்தோம்.

“வேண்டாங்க,” என்றேன்.

“என்ன வேண்டாம்?”

“வர்றதா இருந்தா வாங்க. இருந்துட்டுப் போறதுக்கு வராதீங்க. என்னால முடியாது. கடையில நாள் பூரா சிரிச்சுட்டு வந்து, வீட்லயும் உங்க கூட சேர்ந்து அவகிட்ட சிரிச்சுக்கிட்டு… முடியாதுங்க.”

சிவப்பு விளக்கில் கார் நின்றது. பச்சை விழுந்தும் அவர் எடுக்கவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

“அவகிட்ட என்ன சொல்லுவ?”

“நீங்க தனியா இருக்கீங்கன்னு சொல்லுவேன்.”

“என்னைக் கெட்டவனாக்கிடாத.”

“மாட்டேன். பெட்டி கட்டிக் கொடுத்தது நான்தானே.”

எங்கள் ஷோரூமுக்கு முன்னால் இறக்கிவிட்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. “முதுகை டாக்டர்கிட்ட காட்டு,” என்றார். இந்தத் தடவை அதற்கு முன்னால் நான் எதையும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அதைச் சொன்னதற்காகவே காரைவிட்டு இறங்கக் கஷ்டமாக இருந்தது. இறங்கினேன்.

டார்கெட் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “என்ன தர்றாங்க? தள்ளுபடி எவ்வளவு? சீட் எப்படி?”

“சீட் நல்லா இருக்கு சார்.”

“நல்லா இருக்குன்னா? எத்தனை பக்கம் அசையும்?”

“பார்க்கல சார். கண்டுபிடிச்சுட்டாங்க வேற.” மூச்சை இழுத்துக்கொண்டேன். “அடுத்த மாடலுக்கு வேற யாரையாவது அனுப்புங்க. நானும் அவரும் இப்போ சேர்ந்து இல்ல.”

டார்கெட் வரவேற்பு மேஜையிலிருந்த விளம்பரத் தாள்களை எடுத்து, ஓரம் தட்டி, அதே இடத்தில் வைத்தார். “டீ சொல்லட்டுமா மேடம்?” என்றார். “அப்புறம் சார்,” என்றேன்.

கடையில் தனியாகப் பேச ஒரே இடம் காட்சிக்கு நிற்கும் கார்தான். உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் நின்றுவிடும். உட்கார்ந்தேன். மகளைக் கூப்பிட்டேன்.

“என்னம்மா இந்நேரத்துல? கடை இல்லையா?”

“இருக்கு. நீ துணியெல்லாம் எடுத்து வச்சுட்டியா?”

“இன்னும் மூணு நாள் இருக்கும்மா. அப்பா மாதிரியே பறக்காத.”

“அப்பாவைப் பத்தித்தான் ஒண்ணு சொல்லணும்.”

சொன்னேன். அழகாகச் சொல்ல வரவில்லை. வாடிக்கையாளரிடம் பேசும் வார்த்தைகள் எதுவும் உதவவில்லை. நடுவில் இரண்டு முறை நிறுத்தி, திரும்ப ஆரம்பித்தேன்.

“அப்போ நான் எந்த வீட்டுக்கு வரணும்?” என்று கேட்டாள்.

“இதென்ன கேள்வி? நம்ம வீட்டுக்குத்தான். அப்பா உன்னைப் பார்க்க வருவார்.”

“எப்பவும் மாதிரியா?”

“இல்லம்மா. எப்பவும் மாதிரி இல்ல.”

கண்ணாடிக்கு வெளியே டார்கெட் ஒரு கணவன் மனைவியோடு வந்து நின்றார். காரைச் சுற்றிக் காட்டிக்கொண்டே வந்தவர், உள்ளே நான் இருப்பதைப் பார்த்ததும் தட்டக் கையைத் தூக்கினார். நான் உள்ளங்கையைக் காட்டினேன். வாங்க வந்தவர்களை நான் காக்கவைத்ததே இல்லை.

“அம்மா, இருக்கியா?”

“இருக்கேன்.”

“ஒண்ணும் பேச வேணாம். கட் பண்ணாம இரு.”

அந்தப் பெண்மணி வெளியே நின்று கண்ணாடியில் கைவைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மகள் அழுவதைக் கேட்டபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.