கயிறு பிடிக்க ஒரு மச்சினன்

வளன் கடலுக்கு அடியில் போய்ப் பதினோரு நாளாகிவிட்டது. ஆள் என்னவோ மில்லர்புரத்து வீட்டில் பனியனோடு உட்கார்ந்து ஒழுங்காக இட்லி தின்றுகொண்டுதான் இருந்தான். போனுக்குள் இருந்த வளன்தான் மேலே வரவில்லை.

ஆட்டத்தின் பேர் முத்துக்குளி. ஏழு வருஷமாக அதைத் தன்னந்தனியாக ஆடிவந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவனுக்கு லாரி வராத நேரத்தில் அந்த உயரத்தில் வேறு துணை ஏது? ஒரு தட்டு தட்டினால் முங்குவான், சிப்பி அள்ளுவான், இன்னொரு பட்டனை அமுக்கினால் மேலே வந்துவிடுவான். யாருக்கும் தொந்தரவில்லை. போன மாதம் கம்பெனிக்காரனுக்கு ஞானம் பிறந்தது. உலகமே கூட்டம் சேர்ந்து ஆடுகிறது, நம் ஆட்டத்தில் மட்டும் ஆள் தனியாக முங்குகிறானே என்று, மேலே வரும் பட்டனைப் பிடுங்கி எறிந்துவிட்டான். இனி நண்பர் ஒருவர் தன் போனிலிருந்து கயிறு இழுத்தால்தான் மேலே வரலாம். போதாக்குறைக்கு ஆடுகிறவனின் போட்டோவை வாங்கி முங்குகிறவன் கழுத்துக்கு மேல் ஒட்டியும் வைத்தான்.

கயிறு பிடிக்க யாரென்று கேட்டு முந்நூற்றுப் பன்னிரண்டு நண்பர்களை வரிசையாகக் காட்டியது போன். வேறு ஊர்க்காரனாக இருந்தால் தன்னோடு வேலை பார்க்கிறவனைத் தொட்டிருப்பான். இந்தக் கரையில் முத்துக் குளிக்கிறவனுக்குக் கயிறு பிடிப்பது மனைவியின் கூடப் பிறந்தவன். அக்காள் தாலிக்கு எந்தத் தம்பியும் கேடு நினைக்க மாட்டான் என்கிற தைரியம்தான். வளன் நிஜக் கடலில் முத்துக் குளித்ததில்லை, அவன் அப்பாவும் குளித்ததில்லை. ஆனாலும் கயிறு என்ற வார்த்தையைக் கண்டதும் விரல் தன்பாட்டுக்குப் போய் மச்சினன் டெரன்ஸ் பேரைத் தொட்டுவிட்டது. டெரன்ஸோடு பேச்சுவார்த்தை நின்று எட்டு மாசம் என்பது கடல் தரையில் கால் வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. முங்கிய பின் ஆளை மாற்ற முடியாது.

அந்தச் சண்டைக்கும் காரணம் போன்தான். டெரன்ஸ் கப்பலில் வேலை பார்ப்பவன். நாற்பது நாள் சிக்னல் இல்லாத பயணத்துக்குப் போனபோது, தன் விவசாய ஆட்டத்தை நம்பி அத்தானிடம் ஒப்படைத்துப் போனான். அதில் இருபத்தேழு மாடுகள். தினமும் தண்ணீர் காட்ட வேண்டும். அதே ஆட்டத்தில் வளனுக்கும் ஒரு தோட்டம் உண்டு, மாடு ஆறு. கப்பல் கரை பிடித்து சிக்னல் வந்தபோது டெரன்ஸின் இருபத்தேழும் காலைத் தூக்கிக்கொண்டு கிடந்தன. மறந்துவிட்டேன் என்றான் வளன். ஒரு மாட்டை மறக்கலாம், இருபத்தேழையுமா என்று கேட்டுவிட்டு டெரன்ஸ் போனை வைத்தான்.

முங்கியவனுக்கு மூச்சு பன்னிரண்டு நாளைக்குத்தான். ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்குள் இழுக்காவிட்டால் ஆளும் காலி, ஏழு வருஷத்து முத்தும் காலி. வளனுக்குத் தூக்கம் போயிற்று. இத்தனைக்கும் அவன் ஒருத்தன் மட்டுமில்லை. கரை நெடுக மச்சினனோடு முறைத்துக்கொண்டவர்கள் எல்லாரும் கடலுக்கடியில்தான் நின்றார்கள். கல்யாணத் தரகர் தேவமணி, பெண்ணின் படிப்பைச் சொல்லும் முன்பே அவளுக்குத் தம்பி எத்தனை, தம்பி போனில் சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும் என்று சொல்ல ஆரம்பித்தார். மச்சினனே வாய்க்காத ஒருவர் பழைய பட்டனைக் கேட்டுக் கம்பெனிக்கு மனு எழுதினார். வளனும் அதில் கையெழுத்துப் போட்டான்.

முதலில் மனைவி பிளாரன்ஸ் சிரித்தாள். போனுக்குள் புருஷன் முகம் நாளுக்கு நாள் நீலம் பூக்கவும் சிரிப்பை நிறுத்தினாள். மாதா கோயிலில் பூசைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். ஞாயிறு காலை, கடலுக்கடியில் தவிக்கும் வளன் பத்திரமாகக் கரை சேர வேண்டுமென்று சாமியார் உருக்கமாக வாசித்தார். மூன்றாவது பெஞ்சில் இருந்த வளன் எல்லாரோடும் சேர்ந்து ஆமென் சொன்னான். பூசை முடிந்ததும் பக்கத்து வீட்டுத் தங்கத்தாய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பிள்ளை அச்சு அசலாக உன்னை மாதிரியே இருப்பானாமே, பாவம், நீ மனசைத் தளரவிடாதே என்று தேற்றினாள். அவனும் சரி என்று தலையாட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் பிளாரன்ஸ் பொறுமை இழந்தாள்.

"சாமியார்ட்ட சொல்லியாச்சு, கம்பெனிக்காரன்ட்ட சொல்லியாச்சு. என் தம்பிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. நாற்பது டன் பெட்டியை நோகாமல் தூக்குகிறவனுக்கு அந்த ஒரு வார்த்தையைத் தூக்க முடியவில்லை. ஆனாலும் சாப்பிட்ட கையோடு பைக்கை எடுத்தான். பிளாரன்ஸ் பின்னால் உட்கார்ந்து போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஆலந்தலையில் டெரன்ஸ் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை.

டெரன்ஸ் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அத்தானுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தான். மாட்டைப் பற்றி இருவரும் மூச்சுவிடவில்லை. டெரன்ஸ் போனைத் திறந்து விரலால் கீழிருந்து மேலே தேய்க்கத் தேய்க்க, வளன் போனில் அந்த நீல முகம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. பாதி ஆழம் வந்ததும் டெரன்ஸின் போன் ஒருமுறை அதிர்ந்தது. அவன் அதைப் பார்த்தான். விரலை நிறுத்தினான். மணி ஐந்தாக ஏழு நிமிஷம்.

"இப்பம் சொல்லும் அத்தான். என் மாட்டுக்கு ஏன் தண்ணி காட்டல?"

வளன் வாயைத் திறக்குமுன் அவன் போனும் அதிர்ந்தது. ஆட்டக்காரர்களின் வேண்டுகோளுக்கு இணங்கிப் பழைய பட்டனைத் திருப்பித் தருகிறோம் என்று கம்பெனி சொன்னது. திரையின் அடியில் பச்சையாக வந்து நின்றது பட்டன். ஒரு அமுக்கு அமுக்கினால் போதும், யார் தயவும் வேண்டாம், யாருக்கும் பதில் சொல்லவும் வேண்டாம். பைக்கில் ஏறிப் போய்க்கொண்டே இருக்கலாம். வளனுக்கு ஆசையாகத்தான் இருந்தது. எதிரே பார்த்தான். டெரன்ஸின் கண் கலங்கியிருந்தது. செத்த மாடுகளுக்காக எட்டு மாசம் கழித்தும் ஒருத்தன் கலங்குகிறான். வளன் கட்டைவிரலைப் பட்டன்மேல் படாமல் பிடித்து மறைத்துக்கொண்டான்.

"மறக்கல மாப்ள. தெனமும் திறந்து பாத்தேன். ஒன் தோட்டம் என் தோட்டத்தவிட நல்லா இருந்திச்சு. பொறுக்கல."

சொன்னதும் காதெல்லாம் சூடாகிவிட்டது. அத்தனை வெட்கம். டெரன்ஸ் மறுபடி தேய்க்க ஆரம்பித்தான். ஐந்தாக ஒரு நிமிஷம் இருக்கும்போது போனுக்குள் இருந்த வளன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தலையை நீட்டி ஓவென்று மூச்சு வாங்கினான். பிளாரன்ஸ் சிலுவை போட்டுக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் இருந்த புருஷனை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டெரன்ஸ் போனைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தான்.

"விரல எடும் அத்தான்," என்றான். "அந்தப் பட்டன் வந்த சேதி எனக்குத்தான் மொதல்ல வந்திச்சு."