நாற்பத்தொன்றாம் நம்பர் முதுகு

கட்டிங் மாஸ்டர் தங்கராஜுக்கு எப்போதும் மூக்கின் மேல் கோபம். அன்று காலையிலிருந்து அது மூக்கை விட்டு இறங்கவே இல்லை. ஒரு முதுகு காணாமல் போய்விட்டது.

மனிதர் முதுகு அல்ல. ஆறு மாதக் குழந்தைக்கான மஞ்சள் உடுப்பின் முதுகுத் துண்டு. நல்லூரில் அவர் வேலை பார்க்கும் சின்ன பனியன் கம்பெனியில், துணியை வெட்டியதும் ஒவ்வொரு துண்டிலும் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். நாற்பத்தொன்றாம் நம்பர் வயிறு, நாற்பத்தொன்றாம் நம்பர் முதுகோடுதான் சேர வேண்டும். மாற்றிச் சேர்த்தால் முன்னால் ஒரு மஞ்சள், பின்னால் ஒரு மஞ்சள் என்று பல்லிளிக்கும்.

மொத்தம் அறுநூறு உடுப்புகள். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெட்டி கட்ட வேண்டும். வேறு மாஸ்டராக இருந்தால், எதற்கும் இருக்கட்டும் என்று பத்து இருபது கூடுதலாக வெட்டி வைத்திருப்பார். தங்கராஜ் வைக்கமாட்டார். “எக்ஸ்ட்ரா வெட்டறது கை நிதானமில்லாதவன் வேலைங்க. அறுநூறுன்னா அறுநூறுதானுங்க” என்று முதலாளி ஈஸ்வரமூர்த்தியிடம் மார்தட்டியிருந்தார். அந்தத் துணியோ இப்போது கையகலம்கூட மிச்சமில்லை. துண்டு கிடைக்காவிட்டால் பதினெட்டு வருடப் பெருமை போச்சு.

“ஏனுங்க மாஸ்டர், முதுகு வந்தாத்தானுங்க நான் தைக்க முடியும்?” என்றாள் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருந்த நாகஜோதி. அவள் கேட்பது இது ஏழாவது தடவை.

“நானென்ன மடியிலயா கட்டி வெச்சிருக்கறேன்?”

அப்போதுதான் ஷட்டருக்கு மேலே மஞ்சளாக ஏதோ தெரிந்தது. பிடிபட்டாயா என்று ஸ்டூலைப் போட்டு ஏறினார். மேலே ஓர் அணில் கூடு. வெட்டி எறிந்த நூல், பஞ்சு, தென்னை நார் என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சுருட்டி, பந்து மாதிரி கட்டியிருந்தது. உள்ளே சுண்டுவிரல் நீளத்தில் மூன்று குட்டிகள், மேலே ரோமம்கூட முளைக்கவில்லை. குளிராமல் இருக்கத்தான் அவ்வளவு நூலும். மஞ்சளாகத் தெரிந்தது குப்பையில் போட்ட ஒரு ஓரத்துணி. தாய் அணில் கூரை ஓட்டைத் தாங்கும் கம்பியில் நின்று, வாலை ஆட்டி ஆட்டி அவரைத் திட்டியது.

“நீயும் திட்டு. ஊருக்கு இளைச்சவன் நான்தானே” என்று இறங்கினார்.

அடுத்து, அளவு அட்டைகள் தொங்கும் சுவர். அட்டைக்குப் பின்னால் துண்டு விழுந்திருக்குமோ என்று ஒன்றை இழுத்தார். வரவில்லை. ஆறு மாத அளவு அட்டையைக் குளவி ஒன்று களிமண்ணால் சுவரோடு சேர்த்துப் பூசியிருந்தது. குழாயடிச் சேற்றை வாயால் உருட்டி உருட்டிக் கொண்டுவந்து கட்டிய வீடு. ஒவ்வோர் அறையிலும் ஒரு முட்டை, பிறக்கப்போகும் பிள்ளை தின்னப் பிடித்துப்போட்ட சிலந்திகள். வாசலை மண்ணால் மூடிவிட்டு அம்மாக்காரி போயே போய்விட்டாள்.

“இதுக்குத் துணியும் வேண்டாம், நூலும் வேண்டாம். சோத்தைக் கட்டி வெச்சுட்டுப் பொறப்பட்டுருச்சு பாரு” என்று பல்லைக் கடித்தார் தங்கராஜ். வேறு நாளாக இருந்தால் அதை வியந்து பார்த்திருப்பார். இன்று ஆத்திரம்தான் வந்தது. எல்லாரும் பிள்ளை வளர்க்க இந்தக் கம்பெனிதானா கிடைத்தது?

மணி நாலரை. மேஜைக்கு அடியில் துண்டுகளை அடுக்கும் பிளாஸ்டிக் டப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். கடைசி டப்பிலிருந்து முனகல் கேட்டது. உள்ளே நாலு பூனைக்குட்டிகள். அவற்றின் அடியில் மஞ்சள் துணி. துணியின் மூலையில் ஸ்டிக்கர், நாற்பத்தொன்று.

பூனை எதையும் கட்டவில்லை. நூல் சுமக்கவில்லை, மண் உருட்டவில்லை. இருட்டாகவும் மெத்தென்றும் ஒரு மூலையைப் பார்த்துப் பெற்றுப் போட்டுவிட்டது. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பது இதுதான்.

“கெடச்சிருச்சு” என்று கையை நீட்டினார். கண் திறக்காத குட்டி ஒன்று அவர் விரலை மோந்து, பால் வரும் என்று நினைத்துச் சப்பத் தொடங்கியது. அவருக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

“எடுத்துராதீங்க மாஸ்டர்” என்றாள் நாகஜோதி. “இப்பக் கைய வெச்சா, தாய்ப்பூனை ஒவ்வொண்ணாக் கவ்விக்கிட்டு வேற எடம் தேடிப் போயிரும். வெளிய நாய் நிக்குது.”

“துணி மட்டும் எடுத்துக்கறேன்.”

“ஈரமாக் கெடக்குதுங்க. ஸ்டிக்கருக்குப் பக்கத்துல ரத்தக்கறை வேற. அதெடுத்து என்னங்க பண்ணுவீங்க?”

அதற்குள் தாய்ப்பூனை வந்துவிட்டது. அவரை ஒரு பார்வை பார்த்தது. அணில் போலத் திட்டவில்லை. டப்பில் ஏறி, குட்டிகளை வயிற்றோடு சேர்த்து வளைத்துப் படுத்துக்கொண்டது. குட்டிகளுக்குக் கூடும் அதுதான், கம்பளியும் அதுதான்.

தங்கராஜ் விரலை மெல்ல உருவிக்கொண்டார். வெட்கமும் கோபமும் சேர்ந்து முகம் சிவந்தது. டப்பைச் சத்தம் வராமல் பழைய இடத்துக்கே தள்ளினார். சரியாக அப்போது ஈஸ்வரமூர்த்தியின் போன் வந்தது.

“ஏனுங்க மாஸ்டர், அறுநூறும் ஆச்சுங்களா?”

“ஐநூத்தித் தொண்ணூத்தொம்போதுதானுங்க.”

“நீங்களாங்க சொல்றது? பீஸ் தொலைஞ்சிருச்சுங்களா?”

“தொலையலீங்க” என்றார் தங்கராஜ் கடுப்போடு, ஆனால் குரலைத் தாழ்த்தி. “இங்கதான் இருக்குதுங்க. அதும் மேல நாலு கொழந்தைங்க தூங்குதுங்க.”