ஆழ்வாப்பிள்ளையின் கோட்டை

செத்துப்போன சுபாஸ்கரனுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி கீரிமலையில் முடிந்த அடுத்த நாள், தொண்டைமானாற்றில் ஆழ்வாப்பிள்ளையின் தோட்டத்தில் மூன்று பச்சை டிராகன்கள் இறங்கி, முற்றின பூசணிக்காய்களாகத் தெரிந்தெடுத்துத் தின்றன. வெள்ளிக்கிழமை ஆனபடியால் கோழிகளைத் தொடவில்லை. பூசணி நல்ல விலைக்குப் போன காலம். கிராம சேவையாளர் வந்து கருகின கொடிகளைப் பார்த்து, யானைக்கும் குரங்குக்கும்தான் நட்டஈடு இருக்கிறது, இதற்கு இல்லை என்று சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். டிராகன்கள் எங்கிருந்து வந்தன என்று அவர் கேட்கவில்லை. பக்கத்து வளவில், சுபாஸ்கரனின் மனைவி தர்சிகாவின் அறை யன்னலால் அவை வெளிக்கிட்டதை ஊரே பார்த்திருந்தது.

சுபாஸ்கரனுக்குக் கணினியில் ஒரு பழைய போர் விளையாட்டில் பைத்தியம். அரசர்கள், பூதங்கள், கோட்டைகள். ஒருவர் படையை நகர்த்தி முடித்த பிறகுதான் மற்றவர் நகர்த்தலாம். விளையாடுகிறவர்கள் தாங்களே புது நாடும் கதையும் கட்டி அதற்குள் சேர்க்கலாம். அவன் கட்டின நாடு தொண்டைமானாறுதான். ஏரி இருந்தது, பாலம் இருந்தது, சந்நிதிக் கோயில் மடத்தில் பூதங்களுக்கும் அன்னதானம் கிடைத்தது. வெள்ளிக்கிழமைகளில் டிராகன்களுக்கு மரக்கறிச் சாப்பாடு. கடைசிக் கோட்டையின் அரசனுக்குத் தன் தாய்மாமன் ஆழ்வாப்பிள்ளையின் மீசையை வைத்திருந்தான். போலந்தில் ஒருவர் அதை விளையாடிவிட்டு, கோட்டை எந்தப் படைக்கும் விழுகுதில்லை, எங்கேயோ பிழை இருக்கிறது என்று எழுதினார். பிழை இல்லை, அது எங்கள் மாமா என்று சுபாஸ்கரன் பதில் போட்டான்.

தாய்தகப்பனை யுத்தத்தில் இழந்தவனை வளர்த்தவர் அந்த மாமாதான். ஆனால் கல்யாணத்துக்கு எல்லோருக்கும் போல அவருக்கும் வாட்ஸப்பில் அழைப்பிதழ் அனுப்பிவிட்டான். வீட்டுப் படியேறி வந்து சொல்லாத கல்யாணத்துக்குத் தாய்மாமன் எப்படிப் போவது? அவர் போகவில்லை, பிறகு கதைக்கவும் இல்லை. சுபாஸ்கரன் நெஞ்சடைத்துப் போனபோது அந்தச் செய்தியும் போனில்தான் போனது. அவர் செத்தவீட்டுக்கு வராமல், சந்தியில் பஸ் தரிப்பிடத்துத் தூணுக்குப் பின்னால் நின்று, பாடை மறையும்வரை செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். படலையடியில் நின்ற தர்சிகா அதைக் கண்டாள். வராமல் விட்டிருந்தால் மன்னித்திருப்பாள். தூணுக்குப் பின்னால் நின்றதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. வருஷம் முடிய வருகிற ஆட்டைத்திவசத்துக்காவது அந்த மனுசன் வந்து பந்தியில் இருக்க வேண்டும். சுபாஸ்கரனுடைய பக்கத்தில் வேறு ஒருவரும் மிச்சமில்லை. ஆனால் போய்க் கேட்க மாட்டாள். ஆகவே கணினியைத் திறந்து படையெடுத்தாள்.

அந்த வருஷம் முழுக்க, வேலையால் வந்து தேத்தண்ணி குடித்த கையோடு தர்சிகா போர் செய்தாள். அவள் திரையில் கிளப்பிவிட்ட எலும்புக்கூட்டுப் படை ஆழ்வாப்பிள்ளையின் மதிலில் வரிசையாகக் குந்தியிருந்து கால் ஆட்டியது. அவர் அதுகளின் விலா எலும்பில் தன் சாரத்தைக் காயப்போட்டார். அவர் தென்னங்குரும்பட்டியால் எறிந்தால் அவளுடைய திரையில் கல்மழை பெய்தது. அவர் மோட்டரைப் போட்டுத் தோட்டத்துக்கு இறைத்தால் அவளுடைய ஏரி வற்றி, கப்பல்கள் சேற்றில் சரிந்தன. பேச்சும் நடந்தது, எலும்புக்கூடுகள் மூலமாக.

"உன்ரை மகாராணியிட்டைப் போய்ச் சொல்லு, மிளகாய்க் கண்டிலை மிதிச்சால் முழங்காலைக் கழட்டிப்போடுவன்."

எலும்புக்கூடு போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தது. "கழட்டி அவரே பூட்டட்டுமாம். அவருக்குத்தானே முழங்கால் வருத்தம்."

திவசம் கிட்டியபோது கோட்டையைத் தவிர நாடு முழுவதும் அவளிடம் இருந்தது. எலும்புக்கூடுகளும் டிராகன்களும் மாமாவின் வளவிலேயே தங்கிவிட, திரையில் படை தேய்ந்து ஒரேயொரு ஆள்தான் மிச்சம். சுபாஸ்கரன் தன் நாட்டில் முதலிலேயே சும்மா தந்திருக்கிற, பலம் பூச்சியம் என்று போட்டிருக்கிற, எல்லோரும் மூலையில் விட்டுவிட்டுப் போகிற ஒரு குடைக்காரி. போலந்துக்காரரும் அவளைத் தொட்டதில்லை. தர்சிகா முதல்தடவையாக அவளைப் பெருப்பித்துப் பார்த்தாள். நீலக் குடை. கைப்பிடியில் சுற்றின றப்பர் வளையம். அது தன்னுடைய குடை. "படுபாவி" என்று போன மனுசனைத் திட்டினாள், கொஞ்சநேரம் சிரித்தாள், பிறகு மூக்கைச் சீறினாள். மாமாவிடம் நேரே போய்ச் சொல்லத்தான் வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது, போகத்தான் வெட்கப்பட்டிருக்கிறான். குடைக்காரியைக் கோட்டை வாசலுக்கு நகர்த்தி அழுத்தினாள். அழுத்தின கையோடு, பின்னேர வெயிலில், ஆழ்வாப்பிள்ளையின் படலையடியில் நின்றாள். ஒரு கையில் நீலக் குடை, மற்றக் கையில் கணினி மவுஸ்.

"ஏன், வாட்ஸப் வேலை செய்யேல்லையோ?" என்றார் ஆழ்வாப்பிள்ளை, படலையைத் திறக்காமல்.

"நேரிலை சொல்ல வந்தனான், மாமா. வாற புதன்கிழமை அவருக்குத் திவசம். நீங்கள் வரவேணும்."

"ஆர் அனுப்பினது?"

"உங்கடை மருமோன்தான்."

"அவனுக்கு இப்பத்தான் புத்தி வந்ததோ?" என்று கேட்டவர், தினமும் திறந்து பூட்டுகிற கொளுக்கியைக் கழற்றத் தெரியாமல் தடவிக்கொண்டு நின்றார். "உள்ளுக்கு வா, பிள்ளை. வெயிலுக்கை நில்லாதை."

புதன்கிழமை அவர் ஐயர் வர முதலே வந்துவிட்டார், தோளில் ஒரு கட்டு வாழையிலையும் கக்கத்தில் ஒரு பூசணிக்காயுமாக. எலும்புக்கூடுகள் பந்திக்குத் தண்ணி வார்த்தன. ஒரு சொட்டுச் சிந்தவில்லை என்று எல்லோரும் மெச்சினார்கள். சாப்பிட்டு எழும்பின பிறகு தர்சிகா அவரைக் கணினிக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனாள். கோட்டைக் கதவு திறந்திருந்தது. வெல்கிறவர் பார்க்கட்டும் என்று சுபாஸ்கரன் எழுதி வைத்த, அதுவரை ஒருவரும் பார்த்திராத வரி அதில் இருந்தது. ஆழ்வாப்பிள்ளை கண்ணாடியைப் போட்டு, எழுத்துக்கூட்டி, உரத்து வாசித்தார்.

"மாமா, எங்கடை கல்யாணத்துக்கு நீங்கள் கட்டாயம் வரவேணும்."

"ஓம், வாறன்" என்றார் அவர், கண்ணாடியைக் கழற்றாமல்.

டிராகன்கள் திரும்பிப் போகவில்லை. அவரும் போகச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பூசணியை வெட்டி வரம்பில் வைக்கிறார். மற்ற நாட்களில் கோழிக்கூட்டைப் பூட்டுகிறார்.