சயான் முதல் வாங்கணி வரை

தாராவியில் ஜெயசீலியின் குரலுக்குத் தனி மரியாதை இருந்தது. சந்தின் இந்தக் கோடியில் நின்று அவள் "ஏங்க" என்று ஒரு சத்தம் கொடுத்தால், அந்தக் கோடி டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் அவள் புருஷன் இன்னாசிமுத்து மட்டுமல்ல, கல்யாணமான ஆண்கள் அத்தனை பேரும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அந்தக் குரல் பிறவியிலேயே வந்ததா, வீட்டால் வந்ததா என்று யாரும் யோசித்ததில்லை. தலைக்கு மேல் மாடியில் துணி தைக்கும் பட்டறை. பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் பழைய தகர டின்களைத் தட்டி நிமிர்த்தும் கொட்டகை. இரண்டுக்கும் நடுவில் குடித்தனம் நடத்துகிறவர்கள் மெதுவாகப் பேசினால் குழம்புக்கு உப்புக்கூடக் கிடைக்காது. ஆறு வயது டென்சிலும் மூன்று வயது ஸ்வீட்டியும் அந்தச் சத்தத்துக்குள்ளேயே தூங்கி, அந்தச் சத்தத்துக்கு மேலேயே பேசிப் பழகியவர்கள்.

அந்த வீட்டை விட்டுப் போவதென்று ஜெயசீலி முடிவெடுத்தது ஒரு கல்யாணத்தில். மும்பைக்கு வெளியே, பத்லாப்பூரையும் தாண்டி, வாங்கணி என்ற சின்ன ஊரில், இன்னாசிமுத்துவோடு வேலை பார்க்கிற ஒருவர் வீட்டுக் கல்யாணம். பந்தலுக்குப் பின்னால் அறுவடை முடிந்த வயல், மலையடிவாரம் வரைக்கும் வெறும் வெளியாகக் கிடந்தது. பிள்ளைகளை அவிழ்த்துவிட்டார்கள். டென்சில் ஓடினான். கொஞ்ச தூரம் ஓடியதும் சட்டென்று நின்றான், திரும்பினான், வந்த வழியே ஓடிவந்தான். மறுபடியும் அதே தூரம், அதே இடத்தில் திரும்பல். எதிரே சுவரும் இல்லை, வேலியும் இல்லை. பையன் ஏன் அங்கேயே திரும்புகிறான் என்று பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குச் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. அது அவர்களுடைய சந்தின் நீளம். இலையில் வைத்த இனிப்பைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாள்.

இன்னாசிமுத்து தாராவியிலேயே தோல்பை பட்டறையில் தோல் வெட்டுகிறவன். வீட்டிலிருந்து பட்டறைக்கு நடக்கிற நேரத்தில் ஒரு பீடாகூட மென்று முடிக்க முடியாது. வாங்கணிக்குப் போனால் போகவும் வரவும் ரயிலில் தொங்க வேண்டும். அவன் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சொன்னான்.

"பிள்ளைக ஓடட்டும் சீலி. நான் டிரெயின்ல நின்னுக்கிடுதேன்."

அப்படித்தான் மே மாதத்தில், ஒரு ரூமும் கிச்சனும் பால்கனியுமாக, மூன்றாவது மாடியில் ஒரு வீடு இருவர் பெயரிலும் வந்தது. தாராவி வீட்டைப் பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாய் தன் மகனுக்கு எடுத்துக்கொண்டாள். டென்சிலையும் ஸ்வீட்டியையும் பாதி வளர்த்தவள் அவள். சாமான் ஏற்றும்போது ஒரு கைகூட உதவாமல், வாசலில் நின்றபடி வாய்வார்த்தையால்தான் வழியனுப்பினாள். வாசற்படிக்கு மேலே, வருஷா வருஷம் கிறிஸ்மஸ் ஸ்டார் கட்டுவதற்கென்று இன்னாசிமுத்து அடித்த ஆணி ஒன்று இருந்தது. அதைப் பிடுங்க அவன் சுத்தியலை எடுத்தபோது ஆறுமுகத்தாய் தடுத்தாள்.

"அது கெடக்கட்டும்யா. கிறிஸ்மஸுக்கு முன்ன இவ மூட்டையக் கட்டிட்டு இங்கதான் வருவா. காட்டுக்குள்ள யார்கிட்டப் போயி வாய் பேசப்போறா?"

ஜெயசீலி சிரித்துக்கொண்டுதான் வண்டியேறினாள். ஆனால் அந்த ஆணி அவளோடு கூடவே வந்தது.

வாங்கணியில் முதல் வாரம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பால்கனியில் நின்றால் மலை தெரிந்தது. ஆட்டு மந்தை ஒன்று தினமும் கட்டடத்தின் நிழலுக்குள் புகுந்து வெளியேறியது. ஸ்வீட்டி அந்த ஆடுகளுக்கெல்லாம் ஆறுமுகத்தாய் என்று பெயர் வைத்தாள். ஒரு நாள் சாயங்காலம் இன்னாசிமுத்து குளித்துக்கொண்டிருக்க, குழம்புக்கு உப்பு பார்க்க வேண்டுமா என்று அடுப்படியிலிருந்து ஜெயசீலி கேட்டாள். அவன் குளியலறைக்குள்ளிருந்து பதில் சொன்னான். பிள்ளைகள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் அபிப்பிராயம் சொல்லின. கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டு ஷைஸ்தா, தலையில் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, பயந்த முகத்தோடு நின்றாள். மிக மெல்லிய குரலில் இந்தியில் கேட்டாள், அண்ணன் கை நீட்டிவிட்டாரா, தான் யாரையாவது கூப்பிடட்டுமா என்று.

உப்பைப் பற்றித்தான் பேசினோம் என்று ஜெயசீலி விளக்கினாள். ஷைஸ்தா நம்பினாளா என்று தெரியவில்லை. போகும்போது இன்னாசிமுத்துவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். ஈரத் தலையோடு நின்ற அவன், தான் எதற்காக முறைக்கப்பட்டோம் என்று இரவுவரை கேட்டுக்கொண்டிருந்தான்.

ஜெயசீலிக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் காலையில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அந்தக் கட்டடத்தில் எந்த வீட்டுப் பேச்சும் எந்த வீட்டுக்கும் கேட்கவில்லை. அவர்கள் வீட்டுப் பேச்சு மட்டும் படியிறங்கிப்போய் வாசல் கேட் வரைக்கும் நடமாடிக்கொண்டிருந்தது. கீழே பெண்கள் கூடி நின்றால், தாராவியிலிருந்து வந்தவர்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்றதும் தலையை ஆட்டினார்கள். அந்தத் தலையாட்டல் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே ஒரு வார்த்தைதான் ஆட்சி செய்தது. மெதுவா. பக்கத்து அறையில் கைக்குழந்தை தூங்குவதாக நினைத்துப் பேச வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். யாருடைய குரல் வாசல் தாண்டினாலும் புருவத்தை உயர்த்துவாள். தானும் பழகினாள். பால்கனியிலிருந்து புருஷனைக் கூப்பிட நினைத்தால் வாயை மூடிக்கொண்டு போனை எடுத்தாள். மழைக்காலம் முடிவதற்குள் டென்சில் கற்றுக்கொண்டான். எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டான் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராவி சர்ச்சில் பூசை முடிந்து ஆறுமுகத்தாய் வீட்டுக்குப் போனபோது, அவன் சொன்னது அவளுக்குக் கேட்கவே இல்லை. காதைக் கொண்டுவந்து அவன் வாயருகே வைத்தாள்.

"என்னட்டி செஞ்ச புள்ளைய? காத்துதான் வருது."

பில்டிங்கில் வளரும் பிள்ளை அப்படித்தான் பேசும் என்றாள் ஜெயசீலி. சொல்லும்போது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் அவள் விடவில்லை. பூசைக்கும் ஆறுமுகத்தாயின் மீன்குழம்புக்குமாக நால்வரும் தாராவிக்கு வருவார்கள். திரும்பும்போது சயானில் ஏறி, கல்யாணில் வண்டி மாறி, வாங்கணி போய்ச் சேர வேண்டும். பாதி வழியில் ஸ்வீட்டி தூங்கிவிடுவாள். டென்சில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அம்மா ஜெபமாலை உருட்டுகிற மாதிரி, வருகிற ஸ்டேஷன்களை ஒவ்வொன்றாக முணுமுணுத்துக்கொண்டே வருவான். கடைசி ஸ்டேஷனில் ஜெயசீலி, "எறங்கு, வாங்கணி வந்துட்டு" என்பாள். அவன் இறங்குவான். பிளாட்பாரத்தில் நின்று, தன் புதிய மெல்லிய குரலில் கேட்பான்.

"மறுபடி எப்பம்மா வீட்டுக்குப் போவோம்?"

ஒவ்வொரு வாரமும் கேட்டான். ஆறுமுகத்தாயின் ஏச்சையெல்லாம் தூசியாகத் தட்டிவிட்டவளுக்கு இந்த ஒரு கேள்வி மட்டும் நெஞ்சில் தைத்துக்கொண்டே இருந்தது. ஓடுவதற்கு வெளி கொடுத்தாயிற்று. அவனும் இப்போது மலையடிவாரம் வரை ஓடுகிறான். ஆனால் ஓடி முடித்து அவன் திரும்பிப் போக நினைக்கிற இடம் மட்டும் இன்னும் பழைய சந்தாகவே இருந்தது. பிள்ளைக்காக வந்த இடத்தை அந்தப் பிள்ளையே ஊராக எடுத்துக்கொள்ளவில்லையென்றால், இன்னாசிமுத்து தினமும் கம்பியைப் பிடித்துத் தொங்குவதற்கு என்ன அர்த்தம்?

டிசம்பரில் பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழா. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ரயில் நாடகம் போடுவதாக இருந்தது. ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு மேடையைச் சுற்றி வருவார்கள். ஒருவன் மைக்கில் ஸ்டேஷன் பெயர்களைச் சொல்லுவான். டென்சில் வகுப்பில் தனக்குத்தானே முணுமுணுப்பதைக் கேட்ட டீச்சர், அவனையே அறிவிப்பாளனாக்கிவிட்டாள். ஜெயசீலி அவனுக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைத்தாள். ஒரு வாரம் கண்ணாடி முன் நிறுத்தி, வாயருகே கரண்டியைப் பிடித்து, மெதுவாக, அழகாகச் சொல்லப் பழக்கினாள். மைக் இருக்கும்போது கத்தத் தேவையில்லை என்றாள்.

விழாவன்று பிற்பகலிலேயே மைதானம் நிரம்பிவிட்டது. ஊரில் பாதிப்பேர் வந்திருந்தார்கள். கட்டடத்துப் பெண்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயசீலிக்கு இந்தப்பக்கம் மடியில் ஸ்வீட்டியோடு இன்னாசிமுத்து, பட்டறைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். அந்தப்பக்கம் ஷைஸ்தா, தன் மகள் ரயிலின் கடைசிப் பெட்டி என்பதால் கேமராவைத் தயாராக வைத்திருந்தாள். இத்தனை மாதத்தில் இருவரும் சிநேகமாகியிருந்தார்கள். ஜெயசீலி இப்போதெல்லாம் எவ்வளவு அமைதியாகிவிட்டாள் என்று ஷைஸ்தாவே மற்றவர்களிடம் சொல்லுவாள்.

ரயில் மேடையில் ஏறியது. டென்சில் மைக் முன்னால் வந்து நின்றான். "சயான்" என்றான். ஒலிபெருக்கியில் அந்தப் பெயர் மைதானமெங்கும் விரிந்து பரவியது. "குர்லா" என்றான். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.

மேடை விளக்கு அணைந்தது. வெளியே இன்னும் வெயில் இருந்ததால் எல்லாம் தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை. டென்சில் நிறுத்தவில்லை. சொல்லிக்கொண்டே இருந்தான், பழகிய மாதிரியே, மெதுவாக, அழகாக. அவன் உதடுகள் அசைவது மட்டும் தெரிந்தது. பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். பேச்சு கிளம்பியது. சத்தம் கேட்காததால் ரயிலின் முன்பெட்டிக்கு எப்போது நகர்வது என்று தெரியவில்லை. அது நின்றுவிட, பின்பெட்டிகள் அதன்மேல் வந்து மோதின. ஒரு பெட்டி அழ ஆரம்பித்தது. டீச்சர் படியருகே வந்து, இறங்கிவிடலாமா என்பது போலப் பிள்ளைகளைப் பார்த்தாள்.

டென்சில் அம்மாவைத் தேடினான். வரிசை வரிசையாகப் பார்த்து அவளைக் கண்டுபிடித்து, கேட்கிறதா என்பது போல முகத்தைப் பார்த்தான்.

அந்தக் குரலை அணைத்தது கரண்ட் இல்லை, தான் என்று ஜெயசீலிக்குத் தெரிந்தது. வலப்பக்கம் ஷைஸ்தா இருந்தாள், அவளைத் தாண்டி அந்தத் தலையாட்டுகிற பெண்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். ஆறு மாதமாகச் சேர்த்துவைத்த அமைதியெல்லாம் இந்த ஒரு வரிசையில்தான் இருந்தது. அவள் எழுந்து நின்றாள். இடுப்பில் கை வைத்தாள். சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொடுக்கிற சத்தத்தைக் கொடுத்தாள்.

"ஏலே டென்சிலு! டீக்கடை வரைக்கும் கேக்கணும்ல. முதல்லேருந்து சொல்லு!"

மைதானம் அப்படியே அடங்கியது. தலைமையாசிரியை திரும்பிப் பார்த்தார். இன்னாசிமுத்து பழக்கதோஷத்தில் பாதி எழுந்துவிட்டான்.

டென்சிலின் முகம் மலர்ந்தது. மைக்கைக் கையால் ஒதுக்கித் தள்ளினான். காலை அகட்டி நின்று, வயிற்றிலிருந்து எடுத்தான்.

"சயான்!"

மேலே தையல் மிஷினும் பக்கத்தில் தகரமும் அலறுகிற வீட்டில் பிறந்த பிள்ளையின் குரல் அது. மைதானத்தைத் தாண்டி ரோட்டில் போன ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டினார். குர்லா, வித்யாவிஹார், காட்கோபர், விக்ரோளி. ரயில் நகர்ந்தது. அழுத பெட்டி மூக்கைத் துடைத்துக்கொண்டு முன்பெட்டியின் சட்டையைப் பிடித்தது. காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட். நாஹூரை விட்டுவிட்டான் என்று இன்னாசிமுத்து பதறினான். அங்கே யார் இறங்கப்போகிறார்கள், சும்மா இருங்கள் என்றாள் ஜெயசீலி. தாணே, கல்வா, மும்ப்ரா, திவா. தினமும் அந்த வண்டிகளில் தொங்கிப் போய்வருகிற அப்பாக்கள் பின்வரிசையில் நிறையப் பேர் இருந்தார்கள். டோம்பிவிலிக்கு ஒருவர் கைதட்ட, கல்யாணுக்கு எல்லோரும் கைதட்டினார்கள். விட்டல்வாடி, உல்லாஸ்நகர், அம்பர்நாத், பத்லாப்பூர்.

"வாங்கணி!"

ரயில் நின்றது. இதற்குப் பிறகு ஆங்கிலத்தில் நன்றி சொல்லிக் கும்பிட வேண்டும், அப்படித்தான் டீச்சர் சொல்லிக்கொடுத்திருந்தாள். டென்சில் அதை மறந்துவிட்டான். அம்மாவைப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வண்டியில் அவள் சொல்லுகிற தோரணையில், அவள் ஒரு நாளும் சொல்லாத வார்த்தையோடு, தமிழிலேயே சொன்னான்.

"எல்லாரும் எறங்குங்க. நம்ம வீடு வந்துட்டு!"

மைதானத்தில் அது புரிந்தவர்கள் இரண்டு பேர். ஸ்வீட்டியைச் சேர்த்தால் மூன்று. அவள் உடனே அப்பா மடியிலிருந்து இறங்கிவிட்டாள். மற்றவர்கள் புரியாமலே கைதட்டினார்கள். இன்னாசிமுத்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தான், துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

பையன் கடைசியில் என்ன சொன்னான் என்று ஷைஸ்தா கேட்டாள். ஜெயசீலி இந்தியில் எடுத்துச் சொன்னாள். ஷைஸ்தா அதை அடுத்தவளிடம் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. வரிசை முழுக்கக் கேட்டுவிட்டது.

வீட்டுக்கு நடந்து போகும்போது கரண்ட் வந்திருந்தது. டென்சில் வழிநெடுக ஸ்டேஷன்களைக் கூவிக்கொண்டே முன்னால் ஓடினான். யாரும் அவனை மெதுவா என்று சொல்லவில்லை. ஸ்டேஷன் ரோட்டில் இருந்த இரும்புக் கடை முன்னால் ஜெயசீலி நின்றாள். உள்ளே யாரோ வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்த கடைக்காரரை, ரோட்டில் நின்றபடியே கூப்பிட்டு ஆணி கேட்டாள். எதற்கு என்று அவர் கேட்டார். கிறிஸ்மஸ் ஸ்டார் கட்டுவதற்கு என்றாள். ஸ்டார் லேசானதுதானே, சின்ன ஆணியே போதுமே என்றார் அவர்.

"பெருசாவே குடுங்க" என்றாள் ஜெயசீலி. "வருஷா வருஷம் கட்டணும்."