இயந்திரத்துக்குப் போன தோள்வலி

டேப்புக்காரரின் வலது தோளில் பல வருஷமாகக் குடியிருந்த வலி, பஞ்சாலை அலுவலகத்தில் டேப் மாற்றும் இயந்திரம் பொருத்தப்பட்ட அன்று அவரை விட்டு இறங்கி இயந்திரத்துக்குள் போய்விட்டது. மறுநாள் காலை சட்டை போடும்போது கை தடையில்லாமல் மேலே போனதைப் பார்த்து அவரே பயந்துபோனார்.

அது பஞ்சுப் பொதி தூக்கிய காலத்தில் வந்த வலி. தோள் போன பிறகுதான் அவரைக் கம்ப்யூட்டர் அறைக்கு மாற்றினார்கள். ஆலையின் சம்பளம், சரக்கு, விற்பனை விவரம் எல்லாம் தினமும் டேப்பில் பிரதியாகும். கம்ப்யூட்டர் செத்தாலும் டேப் பிழைத்துக்கிடக்கும். ஒரு டேப் நிறைந்தால் எடுத்துவிட்டு அடுத்ததைச் செருகுவது அவர் வேலை. இனி ஆளே வேண்டாம், இரும்புக் கை மாற்றிக்கொள்ளும் என்று மேலாளர் சொன்னபோது அவர் தோளைத் தடவிக்கொண்டார். திரும்பவும் பொதி தூக்க அனுப்பினால் அந்தத் தோள் ஒரு வாரம் தாங்காது.

பொருத்த வந்தவன் அவசரக்காரன். டேப் வைக்கும் தட்டு ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று இரும்புக் கைக்கு அளந்து சொல்லித்தர வேண்டும். அளக்கச் சோம்பல்பட்டு, "அண்ணே, நீங்க தினமும் செய்யற மாதிரியே இதோட கையப் புடிச்சுக் காட்டிடுங்க, கத்துக்கும்" என்றான். டேப்புக்காரர் அதன் கையைப் பிடித்துத் தட்டுத் தட்டாகக் கூட்டிப்போனார். மேல்தட்டுக்கு மட்டும் வழக்கம்போல் பாதியில் நின்று, பல்லைக் கடித்து, மூச்சு வாங்கிவிட்டு ஏற்றினார். இயந்திரம் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டது.

அன்றிலிருந்து இரும்புக் கை மேல்தட்டுக்குப் போகும் வழியில் நின்று முனகியது. மழை பிடித்தால் அசைய மறுத்தது. பொருத்தியவன் வந்து கழற்றிப் பார்த்துவிட்டு, குறை எதுவும் இல்லை என்று சொல்லிப் போய்விட்டான். அதற்குள் டேப்புக்காரரைப் பொதி தூக்க அனுப்பியிருந்தார்கள். அவர் பொதியைத் தலையணை மாதிரி புரட்டிக்கொண்டிருந்தார். மேலாளரின் கண் அங்கே நின்றது.

"இத்தனை வருஷம் தோள் வலின்னு உக்காந்துட்டு, இப்ப மட்டும் எப்படிய்யா போச்சு? மெஷின என்ன பண்ணி வெச்சே?"

"ஒண்ணும் பண்ணல சார். வலி அதுக்குப் போயிருச்சு."

மேலாளர் அன்றே அறைப் பூட்டை மாற்றினார்.

வீட்டில் இன்னும் மோசம். "ஒரு குடம் தண்ணி தூக்கித் தந்திருப்பீங்களா? பீரோ மேல இருக்கற பெட்டிய நான்தானே ஸ்டூல் போட்டு எறக்கினேன்? எல்லாம் நடிப்பா?" என்றாள் மனைவி.

"நடிக்கத் தெரிஞ்சா நான் ஏன்டி ஆலைக்குப் போறேன்?"

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல."

அதன் பிறகு அவர் தூங்கும்போதெல்லாம் தோளில் விரலால் குத்திப் பார்த்தாள். அவர் குறட்டையை நிறுத்தவில்லை. அவளுக்குச் சந்தேகம் முற்றியது.

மழைக்காலத்தின் கடைசியில் கம்ப்யூட்டர் செத்தது. இருந்த ஒரே முழுப் பிரதி மேல்தட்டு டேப். இரும்புக் கை அதைக் கவ்விக்கொண்டு பாதிவழியில் நின்றுவிட்டது. பிடுங்கினால் டேப் அறுந்துவிடும். மேலாளர் டேப்புக்காரரைக் கூப்பிட்டார். "சாயங்காலத்துக்குள்ள இது எறங்கணும். இல்லேன்னா கெடுத்தது நீதான்னு எழுதி வெளிய அனுப்பிடுவேன்."

டேப்புக்காரர் இயந்திரத்தின் கதவைத் திறந்து, முதல் நாள் பிடித்த மாதிரியே இரும்புக் கையைப் பிடித்து, "குடுத்துடு" என்றார். வலி மணிக்கட்டு வழியாக ஏறி, முழங்கையில் கொஞ்சம் நின்று, பழகிய வீடு என்பதால் யாரையும் கேட்காமல் தோளுக்குப் போய் உட்கார்ந்தது. அவர் பல்லைக் கடித்தார். இரும்புக் கை லேசாக இறங்கி டேப்பைச் செருகியது. ஆலையின் விவரம் அத்தனையும் திரும்ப வந்தது. மேலாளருக்குச் சந்தேகம் போகவில்லை. டேப்புக்காரரின் உள்ளங்கையை முகர்ந்துகூடப் பார்த்தார். ஆனாலும் மறுநாள் ஆள் வேண்டாத இயந்திரத்துக்குப் பக்கத்தில் டேப்புக்காரர் உட்கார ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

அன்று மனைவி குத்தியபோது டேப்புக்காரர் அலறினார். அவள் நிம்மதியாகத் திரும்பிப் படுத்தாள்.

பிறகு பீரோ மேலிருந்து பெட்டி இறக்க வேண்டிய நாளில் மட்டும் வலியை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவார். மறுநாள் வந்ததும் வாங்கிக்கொள்வார். இரும்புக் கை முனகினால், "இன்னைக்கு அவரு வீட்டுல பெட்டி எறக்கறாங்க" என்று சொல்லிவிட்டு அலுவலகத்தில் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். ஆனால் அந்த மழைக்காலம் முழுக்க அது அவருக்காக வலி சுமந்ததற்கு அவர் இன்னும் எதுவும் செய்யவில்லை. அந்தக் கடன் பாக்கி இருக்கிறது.